தம்பிக்கு வழிகாட்டிய தமக்கையார்

வாழ்வில் வழி தெரியாது மயங்கும் காலம் ஒன்று எல்லார்க்கும் வருவதுண்டு. தேர்வில் தோல்வியுற்ற மாணவனுக்கும் அது வரும்; பெற்றோரை இழந்த சிறுவனுக்கும் வரும்; குறையொன்றும் இன்றிச் செல்வ மனையில் வாழ்பவனுக்கும் வரும். அக்காலத்தில் உண்ணும் சோறு சுவைப்பதில்லை. கற்ற நூல் கைகொடுப்பதில்லை. உடன் பழகிய நண்பரும் அயலார்போலத் தோன்றுவர். 'எதன் பொருட்டு வாழ்கின்றோம்? யாரிடம் சென்று வழி கேட்போம்?' என்று உள்ளம் ஓயாது அலையும்.

இங்ஙனம் அலைந்த உள்ளம் ஒன்று அமைதி கண்ட வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அது நம் தமிழகத்துக் கடலூர் மாவட்டத்தில், கெடிலம் என்னும் ஆற்றின் கரையில் நிகழ்ந்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரின் இளமை வரலாறே அது. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார் அதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார். சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்திலிருந்து அவர் அந்நூலைப் பாடினார் என்பது மரபு. நாம் இங்குக் கூறுவது அந்நூல் வழிப்பட்டதாகும்.

பண்ணுருட்டிக்கு அணித்தாக உள்ள திருவாமூரில் புகழனார் என்னும் வேளாண் பெருமகனார் வாழ்ந்தார். அவர்தம் மனைவியார் மாதினியார். அவ்விருவர்க்கும் முதலில் ஒரு பெண்மகவு பிறந்தது. திலகவதி எனப் பெயரிட்டனர். ஆண்டுகள் சில கழிந்தபின் ஓர் ஆண்மகவு தோன்றியது. அவருக்கு இட்ட பெயர் மருணீக்கியார் என்பது. மருள் என்பது மயக்கம். மருளை நீக்குபவர் மருணீக்கியார். பின்னாளில் பிறர் மயக்கத்தை நீக்க வந்த அப்பிள்ளை, முன்னாளில் தாமே பெருமயக்கத்துள் ஆழ நேர்ந்தது.

திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியபோது, கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு அவரை மணம் பேசி முடித்தனர். மணநாள் வருமுன் அரசன் ஏவலால் கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார். அவர் திரும்புமுன் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து மறைந்தார். தாய் தந்தையரை இழந்த மக்கள் இருவரும் சுற்றத்தாருடன் கூடி அழுது இறுதிக்கடன் முடித்தனர். அத்துயர் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர்துறந்தார் என்னும் செய்தி வந்து சேர்ந்தது.

தந்தையும் இல்லை, தாயும் இல்லை, கைப்பிடிக்க இருந்த தலைவரும் இல்லை. இனி யாருக்காக வாழ்வது என்று எண்ணிய திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். அப்போது மருணீக்கியார் தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்து கதறி அழுதார். தாயும் தந்தையும் மறைந்தபின் தமக்கையாரைக் காணலாம் என்பதனாலேயே தாம் உயிர் தாங்கியிருப்பதாகவும், அவர் தம்மைத் தனியே விட்டுச் செல்வாராயின் அவர்க்கு முன்னர்த் தாம் உயிர் நீப்பதாகவும் அவர் கூறினார். அச்சொற்கள் திலகவதியாரின் நெஞ்சை உருக்கின. 'தம்பி உயிரோடிருத்தல் வேண்டும். அவன் பொருட்டு நானும் இருப்பேன்' என்று அவர் தம் துணிவை மாற்றிக்கொண்டார்.

மாணவர்களே! இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குங்கள். திலகவதியாரின் துயரம் அப்போது தீர்ந்துவிடவில்லை. இறந்தவர் மீளவில்லை. எனினும் அவர் வாழத் துணிந்தார். தம்மை நம்பி ஓர் உயிர் இருக்கின்றது என்னும் நினைவு ஒன்றே அவரைத் தாங்கியது. பெரிய தத்துவ நூல் எதுவும் அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை; அழுத கண்ணோடு தரையில் கிடந்த சிறுவன் ஒருவனே கைகொடுத்தான். வழிதவறிய உள்ளத்திற்கு முதல் துணையாவது அன்பே என்பதை இதனால் அறிகின்றோம்.

ஆண்டுகள் சென்றன. மருணீக்கியார் வளர்ந்து பெரியவரானார். கண்ணெதிரே அடுத்தடுத்து நிகழ்ந்த மறைவுகள் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தன. செல்வமும் நில்லாது, யாக்கையும் நில்லாது என்று உணர்ந்த அவர் பெரும் பொருளை அறத்தின் வழிச் செலவிட்டார். அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தோண்டினார், விருந்தினரைப் போற்றினார், நாவலர்க்கு வழங்கினார். இத்துணை செய்தும் அவர் உள்ளம் ஓரிடத்தில் ஊன்றி நிற்கவில்லை. நிலையில்லாதவை இவை என அறிந்தார். நிலையானது எது என அறிந்தாரில்லை. ஆகவே பல சமயங்களின் உண்மையையும் ஆராயப் புகுந்தார்.

அக்காலத்தில் கல்விக்குப் பெயர்பெற்று விளங்கிய ஊர் பாடலிபுத்திரம். கங்கைக்கரைப் பாடலிபுத்திரத்தை இது குறிப்பதன்று. இன்று கடலூர் நகரின் ஒரு பகுதியாக உள்ள திருப்பாதிரிப்புலியூரே அன்று அப்பெயரும் பெற்றிருந்தது. பாடலி என்பதும் பாதிரி என்பதும் ஒரே மரத்தைக் குறிக்கும் சொற்கள். அங்குச் சமண முனிவர்களின் பெரும்பள்ளி ஒன்று இருந்தது. உலகின் அமைப்பை விளக்கும் லோகவிபாகம் என்னும் நூல் பாடலிகை என்னும் ஊரில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், சருவநந்தி என்னும் முனிவரால் எழுதப்பட்டது என்பர். அப்பாடலிகை இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மருணீக்கியார் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே அவ்வூரில் கல்வி தழைத்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

அப்பள்ளியை அடைந்த மருணீக்கியார் சமண நூல்களை ஐயந்திரிபறக் கற்றார். அவருடைய புலமையைக் கண்டு வியந்த முனிவர்கள் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் அளித்தனர். வாதில் அவரை வெல்வார் இல்லை. சமணர் தமிழுக்குச் செய்த தொண்டு மிகப் பெரிது. சீவக சிந்தாமணியும் நன்னூலும் சமணச் சான்றோர் நமக்கு அளித்த செல்வங்களே. அந்நெறியில் நின்று அமைதி கண்டாரும் பலர். ஆயினும் மருணீக்கியாருக்கு அவ்விடத்தில் புகழ் கிடைத்தது. தேடிய அமைதி கிடைக்கவில்லை. பிறர் வினாக்களுக்கெல்லாம் விடை கூறிய அவருக்குத் தம் உள்ளம் எழுப்பிய வினாவிற்கு விடை கூற இயலவில்லை போலும்!

இனித் திலகவதியாரைக் காண்போம். தம்பி தம்மை விட்டுச் சென்றபின் அவர் பெரிதும் வருந்தினார். யாருக்காக உயிர் தாங்கினாரோ, அவரே பிரிந்து சென்றார். எனினும் அவர் பாடலிபுத்திரம் சென்று தம்பியோடு வழக்காடவில்லை. உறவினரைக் கூட்டிப் பழி தூற்றவும் இல்லை. கெடிலத்தின் வடகரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து அங்கே தங்கினார். நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து, திருவலகு கொண்டு கோயில் முற்றத்தைப் பெருக்கினார். சாணம் கொண்டு மெழுகினார். நந்தவனத்தில் மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியின் பொருட்டு இறைவனிடம் நாள்தோறும் முறையிட்டார்.

பெருக்குவதும் மெழுகுவதும் சிறுதொழில் என்று எண்ணாதீர்கள். துயரத்தால் சிதறிக்கிடந்த உள்ளத்தை அவர் அத்தொழிலாலேயே ஒன்றுபடுத்தினார். இன்று பெருக்கிய முற்றம் நாளை மீண்டும் சருகால் நிறையும். நாளையும் பெருக்க வேண்டும். துயரமும் அத்தகையதே. ஒருநாளில் அது ஒழிவதில்லை. நாள்தோறும் அதனை அப்புறப்படுத்தி, உள்ளத்தைத் தூயதாக வைத்துக்கொள்ள வேண்டும். இதனைத் திலகவதியார் ஏட்டில் கற்றாரல்லர். திருவலகு பிடித்த கையால் கற்றார்.

இந்நிலையில் தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. குடரைக் குடைந்தெடுக்கும் அந்நோயைப் பள்ளியில் இருந்தோர் தாம் அறிந்த முறைகளாலெல்லாம் தணிக்க முயன்றனர், தணியவில்லை. நோயின் கொடுமையில் அவருக்கு நினைவுக்கு வந்தவர் தமக்கையாரே. தமக்கு உணவு சமைப்பானை அழைத்து, தம் நிலையைத் திலகவதியாரிடம் கூறுமாறு மறைவாக அனுப்பினார். அவன் இரவில் திருவதிகை சென்று, நந்தவனத்தின் அருகே அவரைக் கண்டு செய்தியைக் கூறினான். தம்பியின் துன்பம் கேட்டு நெஞ்சம் துடித்த போதிலும், சமணப் பள்ளிக்குத் தாம் வாரேன் என்று கூறி அவனைத் திலகவதியார் திருப்பி அனுப்பினார்.

'வாரேன்' என்னும் இச்சொல் வன்சொல்லோ என்று சிலர் ஐயுறலாம். தம்பியின்பால் அன்பு குறைந்தமையால் கூறியதன்று அது. தாம் மேற்கொண்ட நெறியை அவர் கைவிடவில்லை என்பது ஒன்று. வழி காண விரும்புவோன் தானே எழுந்து நடத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. வழிகாட்டுபவர் விளக்கை ஏந்தி நிற்கலாம். நடக்க வேண்டியவர் நாமே. குழந்தையை நடை பயிற்றும் தாய் சிறிது தொலைவில் நின்று கைநீட்டுவது அன்பின்மையால் அன்று என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தமக்கையாரின் மறுமொழியைக் கேட்ட தருமசேனர் சிறிது நேரம் செயலற்றிருந்தார், பின்னர்த் தெளிந்தார். பள்ளியின் தலைமையையும் அதற்குரிய கோலத்தையும் துறந்தார், வெள்ளாடை உடுத்தார், யாரும் அறியாதவாறு இரவில் புறப்பட்டார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவதிகை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுடையது. வயிற்றில் தீயெனச் சுடும் நோயோடு அவர் அத்தொலைவைக் கடந்தார். அவர் கடந்த தொலைவில் பெரியது மற்றொன்றும் உண்டு. பலர் போற்றிய ஆசிரியர் என்னும் பெருமிதத்திலிருந்து, 'யான் வழி அறியேன்' என்று ஒப்புக்கொள்ளும் பணிவு வரையில் உள்ள தொலைவே அது. கற்றவர்க்கு அதனைக் கடப்பது எளிதன்று.

தமக்கையாரைக் கண்டதும் அவர் அடிகளில் வீழ்ந்தார். பல்லாண்டுகளுக்கு முன் திருவாமூரில் வீழ்ந்தாரன்றோ? அன்று தமக்கையாரின் உயிரைக் காக்க வீழ்ந்தார். இன்று தம் உயிரைக் காக்குமாறு வேண்டி வீழ்ந்தார். திலகவதியார் அவரைக் கடிந்துரைக்கவில்லை. சென்ற காலத்தைச் சுட்டி ஒரு சொல்லும் கூறவில்லை. எழுக என்று கூறி, திருநீறு அளித்து, இறைவனைப் பணிந்து தொண்டு செய்யுமாறு பணித்தார். பொழுது புலரும் வேளை வந்தது. திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, நாள்தோறும் தாம் செல்லும் கோயிலுக்குத் தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். இறைவன் முன்னின்ற மருணீக்கியாரின் நாவிலிருந்து முதல் பதிகம் பிறந்தது. சூலை நீங்கியது. அன்றுமுதல் அவர் நாவுக்கரசர் ஆனார்.

திலகவதியார் தம்பிக்குப் புதியதொரு நூலை ஓதுவிக்கவில்லை. தாம் நாள்தோறும் நடக்கும் வழியில் உடன் அழைத்துச் சென்றார். தம்பி இழந்த பெற்றோரையே தாமும் இழந்தவர் அவர். அதற்கு மேலும் ஓர் இழப்பை உற்றவர். அத்துயரைக் கடந்து அமைதி கண்டமையாலேயே அவர் காட்டிய வழி தம்பிக்குப் பொருந்தியது. ஆற்றைக் கடந்தவரே ஆற்றின் ஆழம் அறிவர். அவரையே துறை கேட்டல் வேண்டும்.

நாவுக்கரசர் கண்ட அமைதி உண்மையானதே என்பது பின்னர் வந்த சோதனைகளால் விளங்கிற்று. பல்லவ அரசன் ஆணையால் அவரை நீற்றறையில் இட்டனர் என்றும், நஞ்சு கலந்த உணவை ஊட்டினர் என்றும், யானையை ஏவினர் என்றும், இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினர் என்றும் பெரியபுராணம் கூறும். எதற்கும் அவர் அஞ்சவில்லை. கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரைசேர்த்தது என்பது வரலாறு. அவர் கரையேறிய ஊர் எது தெரியுமா? முன்னர்த் தருமசேனராய்த் தலைமை பூண்டிருந்த அதே திருப்பாதிரிப்புலியூர்தான். அந்நிகழ்ச்சியை நினைவூட்டக் கரையேறவிட்ட குப்பம் என்னும் பெயருடைய ஊர் இன்றும் கடலூரில் உள்ளது.

பின்னர் நாவுக்கரசர் தில்லை எனப்படும் சிதம்பரத்தை அடைந்தார். மேலைத் திருவாயில் வழியாகப் புகுந்து கூத்தப்பெருமானைக் கண்டு உருகினார். பாடியதோடு நில்லாமல், உழவாரம் என்னும் கருவியைக் கையில் ஏந்தித் திருவீதிகளில் முளைத்த புல்லைச் செதுக்கித் தூய்மை செய்தார். கோயில்களில் உள்ள அவர் திருவுருவம் உழவாரத்தைத் தாங்கி நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். தமக்கையாரின் கையில் இருந்த திருவலகு, தம்பியாரின் கையில் உழவாரமாயிற்று.

முன்னர் அவர் அறச்சாலை வைத்தபோது கிடைக்காத அமைதி இப்போது எங்ஙனம் கிடைத்தது என்று நீங்கள் வினவலாம். முன்னர் அவர் கொடுத்தது தம் பொருளை. இப்போது கொடுத்தது தம்மையே. தம்மைக் கொடுத்தவர்க்குப் பொருளின்மீது பற்று ஏது? முதுமையில் திருப்புகலூர்க் கோயில் முற்றத்தில் அவர் புல் செதுக்கியபோது, பொன்னும் மணியும் உழவாரத்தில் பட்டன என்பர். பருக்கைக் கற்களோடு அவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அவர் தம் பணியைத் தொடர்ந்தார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, தாம் பெற்ற படிக்காசைக் கொண்டு அடியார்க்கு உணவளித்ததும் அவரே. அக்காலத்தில் அவருடன் இருந்து அவ்வாறே உணவளித்தவர் திருஞானசம்பந்தர். அவர் ஆண்டில் இளையவர்; நாவுக்கரசரை 'அப்பரே' என்று அன்போடு அழைத்தவர். தந்தையை இளமையில் இழந்த மருணீக்கியார், உலகோர்க்கெல்லாம் அப்பர் ஆனார்.

நாவுக்கரசர் காட்டிய தொண்டு நெறி அவரோடு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே நிலப்பகுதியில், 1823-ஆம் ஆண்டு மருதூரில் தோன்றினார் இராமலிங்க அடிகளார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தவர் அவர். நாவுக்கரசரைப் போற்றி ஆளுடைய அரசுகள் அருண்மாலை பாடியவர். சென்னையில் வளர்ந்த அவர், 1858-ஆம் ஆண்டளவில் அந்நகரை நீங்கிச் சிதம்பரத்தை வழிபட்டுக் கருங்குழியில் தங்கினார். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தோர்க்கு உணவளிப்பதே இறைவழிபாட்டின் தொடக்கம் என்று கொண்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. உள்ளொளி தேடியவர் பிறர் வயிற்றுத் தீயை அவித்தார். தேடலும் தொண்டும் வேறுவேறல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவர்களே! உங்கள் வாழ்விலும் மருள் வரலாம். வருங்கால் அதனை மறைத்துத் தனியே இருந்து வருந்தாதீர்கள். தாயிடமோ, தந்தையிடமோ, தமக்கையாரிடமோ, ஆசிரியரிடமோ மனம் திறந்து கூறுங்கள். உடல் நோய்க்கு மருத்துவர் இருப்பதுபோல உள்ளத்தின் நோய்க்கும் மருத்துவர் உளர்; அவரை நாடுவது இழிவன்று. பகட்டான சொல்லால் மயக்கிப் பொருள் பறிக்கும் போலிகளை அணுகாதீர்கள். தாம் சொல்லும் வழியில் தாமே நடப்பவரா, உங்கள் நலத்தையன்றி வேறொன்றும் வேண்டாதவரா என்று நோக்குங்கள். அத்தகையவரைக் கண்டபின், நடக்கும் பணியை நீங்களே மேற்கொள்ளுங்கள். கைக்கு எட்டிய சிறு தொண்டொன்றை நாள்தோறும் தவறாது செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர் வாடியிருக்கக் கண்டால், அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். திருவாமூரில் ஒரு சிறுவனின் அழுகுரல் தமக்கையாரின் உயிரைக் காத்தது. அவ்வாறு காக்கப்பட்ட தமக்கையார், திருவதிகையில் அச்சிறுவனின் வாழ்வைக் காத்தார். திருவதிகைக் கோயிலில் நாவுக்கரசருக்குச் சந்நிதி உண்டு, திலகவதியாருக்கும் உண்டு. அங்குச் செல்லும்போது தம்பியாரை மட்டும் வணங்கித் திரும்பாதீர்கள். பொழுது புலருமுன் எழுந்து முற்றம் பெருக்கிய தமக்கையாரையும் வணங்கி வாருங்கள்.